சின்னப் பல்கலைக்கழகம், பெரிய கட்டணம்: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் போடிநாயக்கனூர் பக்கம். கணவர் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து ப்ளஸ் டூவில் 600-க்கு 557 மார்க் எடுத்திருக்கிறாள். வணிகக் கணிதம் இருந்த குரூப். பொருளாதாரம்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லி, பக்கத்து மாநிலத்தில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். அங்கே மொத்தமே எழுநூறு, எண்ணூறு மாணவர்கள்தான். தேர்வும் நேர்காணலும் வைத்து எடுத்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுப் படிப்பு. படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 4.5 லட்சம்; அதில் 40 சதவீதம் ஸ்காலர்ஷிப். ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு 1.5 லட்சம். எல்லாம் போக ஆண்டுக்கு 4.2 லட்சம் நாங்கள் கட்ட வேண்டும். எங்களால் ஒன்றரை லட்சம் புரட்ட முடியும், மீதிக்குக் கல்விக் கடன்தான். மதுரையில் ஓர் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரியிலும் பி.ஏ. பொருளாதாரம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலோடு ஆண்டுக்கு 80 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். சொந்தக்காரர்கள், 'பேர் தெரியாத இடத்துக்கு இவ்வளவு பணமா' என்கிறார்கள். மகன் ஒன்பதாவது படிக்கிறான். பத்து நாளில் 50 ஆயிரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண், வெளிமாநிலப் பல்கலைக்கழகம் வைத்த தேர்வையும் நேர்காணலையும் கடந்து வந்திருக்கிறாள். முதலில் அவளுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. எந்த முடிவு எடுத்தாலும் இந்தத் தேர்ச்சி அவளுடையது, அதை யாரும் எடுத்துவிட முடியாது என்று அவளிடம் சொல்லுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் இப்போது சொல்லியிருக்கும் கட்டணத்துக்கு அனுப்பாதீர்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைத்தால், அந்தப் பொருளாதாரத் துறையில் நிலையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதும் உறுதியானால், தயங்காமல் அனுப்புங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மதுரைக் கல்லூரிதான். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

சொந்தக்காரர்கள் சொல்லும் 'பேர்' விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அவர்கள் பயம் முழுக்கத் தவறில்லை. 2002-ல் சத்தீஸ்கர் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்து நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கொடுத்தது. பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. பேராசிரியர் யஷ்பால் வழக்குப் போட்டார். 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்ய, அந்தப் பல்கலைக்கழகங்கள் அத்தனையும் செல்லாமல் போயின. அதனால் பேர் தெரிந்ததா தெரியாததா என்று பார்ப்பதை விட, அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இணையதளத்தில் மாநிலத் தனியார் பல்கலைக்கழகங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்க வேண்டும். மகள் படிக்கப்போகும் வளாகமும், அந்தப் பல்கலைக்கழகத்தைச் சட்டம் போட்டு அமைத்த அதே மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

புதிய பல்கலைக்கழகமாக இருந்தால், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான 'நாக்' தரும் தரச்சான்று இல்லாமல் இருக்கலாம். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டும், அல்லது இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து முடித்திருக்க வேண்டும். அப்போதுதான் நாக்குக்கு விண்ணப்பிக்கவே முடியும்.

சரி, அங்கீகாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பல்கலைக்கழகத்தில் உண்மையில் என்ன கிடைக்கிறது? ஆசிரியரின் நேரம். வகுப்பில் இருபத்தைந்து பேர்தான் என்றால், உங்கள் மகள் எழுதிய கட்டுரையை ஆசிரியர் வரிவரியாகப் படிப்பார். 'இந்த இடத்தில் நீ சொல்வதற்கு ஆதாரம் எங்கே' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். அவள் திருத்தி எழுதுவாள், மறுபடி கொடுப்பாள். நான்கு ஆண்டுகள் இப்படி எழுதிப் பழகிய பிள்ளையின் சிந்தனையில் வரும் தெளிவை நான் பார்த்திருக்கிறேன். அறுபது, எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எவ்வளவு நல்ல ஆசிரியராலும் இதைச் செய்ய முடியாது. மேற்படிப்புக்குப் போகும்போது பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். அதை எழுதும் ஆசிரியருக்கு மாணவியை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே தெரிந்திருக்கும். இரண்டாம் ஆண்டிலேயே ஆசிரியரின் ஆய்வில் உதவியாளராகச் சேரும் வாய்ப்பும் இப்படிப்பட்ட இடங்களில் வரும்.

அப்புறம் பாடத்திட்டம். பெங்களூருவின் அசிம் பிரேம்ஜி, ஸ்ரீ சிட்டியின் க்ரியா, சோனிபட்டின் அசோகா போன்ற பல்கலைக்கழகங்கள் 2010-லும் அதற்குப் பிறகும் வந்தவை. பொருளாதாரம் படிக்கும் பிள்ளை அங்கே வரலாறும் தத்துவமும் கொஞ்சம் படிக்கலாம், தரவுகளைக் கணினியில் அலசவும் கற்றுக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு வந்திருக்கும் இடமும் அந்த வகைதான் என்று உங்கள் கடிதத்தின் மற்ற விவரங்களிலிருந்து தெரிகிறது.

இதே சின்ன அளவுதான் பலவீனமும். துறையில் ஆறு ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டால் மூன்றில் ஒரு பங்கு துறை காலி. கையேட்டில் பன்னிரண்டு விருப்பப் பாடங்கள் அச்சாகியிருக்கும். ஆள் சேராததால், அல்லது நடத்த ஆசிரியர் இல்லாததால், அந்த செமஸ்டரில் நான்குதான் நடக்கும். எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் அலசும் பாடம்) நடத்திக்கொண்டிருந்தவர் போய்விட்டார், விருந்தினர் ஒருவர் சனி, ஞாயிறுகளில் வந்து நடத்துகிறார் என்று ஒரு மாணவர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். பல லட்சம் கட்டிப் படிக்கும் பிள்ளை கேட்கக்கூடாத வார்த்தை அது.

தமிழ் வழியில் படித்த பெண் என்பதால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே உடன் படிப்பவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில், ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்களாக இருப்பார்கள். வார இறுதியில் வெளியே சாப்பிடப் போவது, லீவுக்கு ஊர் சுற்றுவது என்று அவர்கள் செலவழிக்கும் தோரணையே வேறாக இருக்கும். எட்டாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் நம் மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். எண்ணூறு பேரில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? முதல் ஆண்டில் ஆங்கில எழுத்துக்குத் தனிப் பயிற்சி தருகிறார்களா, தமிழ் வழியில் படித்து வந்த மாணவர் யாராவது இப்போது அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் மகள் அவரிடம் போனில் அரை மணி நேரம் பேசட்டும். அட்மிஷன் ஆபீசர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசட்டும். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு முதல் ஆண்டுதான் சோதனை. தாண்டிவிட்டால் அப்புறம் யாருக்கும் அவர்கள் சளைத்தவர்கள் இல்லை.

ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டிலிருந்தே முடியும். 'வேபேக் மெஷின்' என்று ஓர் இணையதளம் உண்டு. பல இணையதளங்களின் பழைய பக்கங்களை அது சேமித்து வைத்திருக்கும். பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறைப் பக்க முகவரியை அதில் போட்டு, இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஆசிரியர் பட்டியலை எடுக்க மகளிடம் சொல்லுங்கள். இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் இருவர் மாறியிருந்தால் இயல்பு. பாதிப் பேர் புதியவர்களாக இருந்தால் காரணத்தை நேரடியாகக் கேளுங்கள். பட்டியலில் 'வருகைதரு பேராசிரியர்' என்று இருப்பவர்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். புகழ்பெற்ற பெயர்கள் அங்கேதான் அதிகம் இருக்கும், அவர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் வந்து போகிறவர்களாகவும் இருக்கலாம். கடந்த செமஸ்டரில் உண்மையாக நடந்த பாடங்களின் கால அட்டவணையையும் வாங்குங்கள். நல்ல நிறுவனம் மறுக்காமல் அனுப்பும்.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்டால் 'அதிகபட்சச் சம்பளம்' என்று ஒரு பெரிய தொகையைச் சொல்வார்கள். அது ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனங்கள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் பி.டி.எஃப். ஆக வைக்க வேண்டும். அதில் ஓர் அட்டவணை இருக்கும்: முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், அவர்கள் சம்பளத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை) என்ன, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர். நான் முதலில் பார்ப்பது இரண்டாவது எண்ணைத்தான். அறுபது பேர் சேர்ந்து நாற்பது பேர்தான் முடித்தார்கள் என்றால் மீதி இருபது பேர் ஏன் போனார்கள்? பணமா, படிப்பா, மனசா? கேளுங்கள். இந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் பங்கேற்கவில்லை என்றால், இதே ஐந்து எண்களையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

இனி பணம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான்.

ஆண்டுக்கு 4.2 லட்சத்தில் நீங்கள் கட்டுவது 1.5 லட்சம், கடன் 2.7 லட்சம். நான்கு ஆண்டுக்கு 10.8 லட்சம். படிக்கும் காலத்திலும் முடித்த பின் ஓர் ஆண்டும் வங்கி தவணை கேட்காது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 10.5 சதவீதத் தனி வட்டி என்று வைத்தால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் சேர்ந்திருக்கும். மொத்தம் 14.8 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 20 ஆயிரம். முதல் வேலையில் 30 ஆயிரம் வாங்கும் பெண் வெளியூரில் அறை எடுத்துத் தங்கி 20 ஆயிரம் தவணை கட்ட முடியுமா? முடியாது. அவள் முதுகலை படிக்க ஆசைப்பட்டாலும் அந்தத் தவணை விடாது. அந்த நேரத்தில் உங்கள் மகனும் கல்லூரியில் இருப்பான்.

கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கிகள் சொத்து ஈடு கேட்கும். உங்களிடம் என்ன இருக்கிறது? வீடு, இல்லையென்றால் கடை. இரண்டையும் அடமானம் வைக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. மகளின் கல்வியை நான் குறைவாக மதிக்கவில்லை. கடையில் ஓர் ஆண்டு வியாபாரம் படுத்தால் நான்கு பேருடைய வாழ்க்கையும் சேர்ந்து ஆடும். ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தரும் பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டம் 2024-ல் வந்தது. ஆனால் அது என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான். சின்ன, புதிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது. இந்த இடம் இருக்கிறதா என்று அத்திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஸ்காலர்ஷிப் கடிதத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். 40 சதவீதம் நான்கு ஆண்டுக்குமா, முதலாண்டுக்கு மட்டுமா? குறிப்பிட்ட சி.ஜி.பி.ஏ. (ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரி) எடுத்தால்தான் தொடரும் என்று நிபந்தனை உண்டா? தமிழ் வழியிலிருந்து போகும் பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் மார்க் கொஞ்சம் சறுக்குவது சகஜம். அந்த நேரத்தில் ஸ்காலர்ஷிப் போனால் ஆண்டுக்கு 4.2 லட்சம் 6 லட்சமாகிவிடும். கட்டணம் ஆண்டுதோறும் உயருமா, ஹாஸ்டல் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்ன வார்த்தைக்கு மதிப்பு கிடையாது.

பலர் கேட்கத் தயங்கும் ஒன்று இருக்கிறது: ஸ்காலர்ஷிப்பை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாம். உங்களுக்குக் கொடுத்திருப்பது மார்க்குக்கும் நேர்காணலுக்குமான சலுகையாகத் தெரிகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை இப்படிப்பட்ட பல இடங்களில் தனியாக உண்டு. வருமானச் சான்று, கடையின் வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், தம்பி படிக்கும் பள்ளியின் சான்று எல்லாவற்றையும் இணைத்து நிதியுதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். படிப்புக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி ஆனால், ஹாஸ்டலோடு ஆண்டுக்கு 3 லட்சத்தில் நிற்கும். உங்கள் ஒன்றரை லட்சம் போகக் கடன் மொத்தம் 6 லட்சம். அடைக்கும்போது மாதத் தவணை சுமார் 11 ஆயிரம். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் இன்னும் குறையும். மாணவிகளுக்குப் பல வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. சொத்து ஈடும் வேண்டியதில்லை. இந்த எல்லைக்குள் வந்தால் நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அனுப்புவேன். மூன்றாண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேற வழி உண்டா என்றும் கேளுங்கள். யு.ஜி.சி.யின் 2022 பாடத்திட்ட வரையறையில் அதற்கு இடம் இருக்கிறது. நெருக்கடி வந்தால் ஓர் ஆண்டுச் செலவு மிச்சம்.

குறையவில்லை என்றால் மதுரைக் கல்லூரி. அதைத் தோல்வியாக நினைத்துவிடாதீர்கள், மகளையும் நினைக்க விடாதீர்கள். தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரி முறை 1978-ல் தொடங்கியது. மதுரையின் பழைய கல்லூரிகளுக்குச் சொந்தப் பாடத்திட்டம் வகுத்து நடத்திய அனுபவம் பல பத்தாண்டுகள் உண்டு. நூலகம் நன்றாக இருக்கும், பழைய மாணவர்கள் எல்லாத் துறைகளிலும் இருப்பார்கள். அரசு ஊதியம் பெறும் ஆசிரியர்கள் சட்டென்று வேலையை விட்டுப் போகமாட்டார்கள். கிடைத்திருப்பது எய்டட் பிரிவா, செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்குக்கு வரும்.

அங்கே சேர்ந்தால் அவள் கவனிக்க வேண்டியது கணக்கு. பல பி.ஏ. பொருளாதாரப் பாடத்திட்டங்களில் கணக்கு குறைவாகத்தான் இருக்கிறது. நல்ல முதுகலைப் படிப்புகளின் நுழைவுத் தேர்வோ கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் என்று கேட்கிறது. வணிகக் கணிதம் படித்தவள் என்பதால் அடித்தளம் இருக்கிறது. துணைப்பாடமாகக் கணக்கோ புள்ளியியலோ கிடைத்தால் விடாமல் எடுக்கட்டும். மூன்று ஆண்டு கழித்து மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் முதுகலைத் தேர்வு எழுதலாம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வில் 2021 முதல் பொருளாதாரமும் ஒரு தாள். சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. வேலைக்கு எடுப்பவர்களும் ஆய்வுக்கு எடுப்பவர்களும் கடைசியாகப் படித்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இளங்கலையில் மிச்சமாகும் பணம் அந்த இரண்டு ஆண்டுக்குக் கை கொடுக்கும்.

அரசு வேலை எண்ணம் இருந்தால் ஒரு சிறு விஷயம். குடிமைப் பணித் தேர்வுக்கு அங்கீகாரம் பெற்ற எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் போதும், சின்னது பெரியது என்ற பேதம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஆசிரியர், விரிவுரையாளர் மாதிரிப் பணிகளுக்குப் பட்டத்தின் பெயரைப் பார்த்து, அது குறிப்பிட்ட பாடத்துக்கு இணையானதா என்று கேட்பார்கள். சான்றிதழில் 'பொருளாதாரம்' என்று மட்டும் இருக்குமா, வேறு பாடத்தோடு ஒட்டிய புதுப் பெயராக இருக்குமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பத்து நாள். நிதியுதவி கேட்கும் மின்னஞ்சலை இன்றே அனுப்புங்கள். அதிலேயே, பதில் வரும்வரை முன்பணத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், இடம் நிரம்பாத கவலை அவர்களுக்கும் உண்டு. கடிதத்தை மகளே எழுதட்டும், நீங்களும் கணவரும் வருமான விவரங்களை மட்டும் சேர்த்துக் கொடுங்கள். மதுரைக் கல்லூரியில் கட்ட வேண்டிய தொகையைத் தேதி தவறாமல் கட்டி அந்த இடத்தைப் பிடித்து வையுங்கள். பின்னால் விலக நேர்ந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை இரண்டு இடங்களிலும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்பு அல்லது பின்பு விலகுகிறோம் என்பதைப் பொறுத்துத் திருப்பித் தர வேண்டிய பங்கை யு.ஜி.சி. வரையறுத்திருக்கிறது. அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிதான். யாராவது 'ஒரிஜினலைக் கொடுத்தால்தான் சீட்' என்றால் அந்த விதியைக் காட்டுங்கள்.